கல்வெட்டுகளில் வரும் வடசொற்களுக்குப் பொருள் காணும் முறை

மலையகத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேக அழைப்பிதழைக் கையில் எடுத்தால், அது 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி, ஆண்டின் பெயர், மாதம், பக்ஷம், திதி, நட்சத்திரம், யோகம், உபயகாரர் பெயர் என்று வரிசையாக நடந்து செல்லும். அதை வாசிக்கும் எவரும் அகராதியைத் தேடுவதில்லை; எந்தச் சொல் எந்த இடத்தில் வரும், அங்கே அது என்ன வேலையைச் செய்கிறது என்பது பழக்கத்தால் தெரிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சோழர் கல்வெட்டையும் பல்லவர் செப்பேட்டையும் குப்தர் காலத்துத் தூண் எழுத்தையும் அணுகுவதற்கு இந்தப் பழக்கமே முதல் முதலீடாகும். உயர்தர வகுப்பில் வரலாறோ இந்து நாகரிகமோ பயிலும் மாணவரும், தஞ்சாவூருக்கோ பொலன்னறுவைக்கோ சென்று கோயிற் சுவரின் முன் எழுத்துக் கூட்டி நிற்கும் வாசகரும் தாமாகவே பொருள் காணத் தொடங்குவதற்கான வழி இங்கே சொல்லப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நமக்குக் கிடைக்கும் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மையானவை ஒரு காணி உறுதி செய்யும் வேலையையே செய்கின்றன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எல்லை எது, எந்த வரி நீக்கப்பட்டது, எதுவரை செல்லும், யார் காக்க வேண்டும் என்பவற்றை அவை நிலைநிறுத்துகின்றன. ஒரு துண்டுக் காணிக்கு உறுதி கிடைப்பதற்குத் தலைமுறைகளாகக் காத்திருக்கும் நம் மக்களுக்கு, உறுதியில் ஒரு சொல் இடம்மாறினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கல்வெட்டில் ஒரு வடசொல் வந்தால், 'இச்சொல்லின் வேர் என்ன' என்று கேட்பதற்கு முன், 'இந்த ஆவணத்தில் இச்சொல் எந்த இடத்தில் நிற்கிறது' என்று கேட்க வேண்டும். பின்வரும் முறை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

ஆவணத்தின் உறுப்புகள்

தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்குகின்றன. ஸு, அஸ்தி என்னும் இரு சொற்கள் சேர்ந்த ஸ்வஸ்தி 'நலம் உண்டாகுக' என்று பொருள்படும். இதன் பொருளைவிட இதன் பயனே பெரிது: ஒரே சுவரில் நான்கைந்து கல்வெட்டுகள் இடைவெளியின்றி ஓடும்போது, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதை இத்தொடரே காட்டிக் கொடுக்கும். எனவே சுவரின் முன் நின்றவுடன் முதலில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது அரசனின் புகழ். சோழர் காலத்தில் இது மெய்க்கீர்த்தி எனப்படுகிறது. முதலாம் இராஜராஜனின் 'திருமகள் போல' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியில் ஈழமண்டலம் வென்ற செய்தியும் வருவதால் அது நமக்கு நெருக்கமானது. மெய்க்கீர்த்தி பெரிதும் தமிழாகவே இருக்கும். வடசொற்கள் அரசனின் பட்டப்பெயர்களில் குவிந்திருக்கும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினர்: இராஜராஜன் ராஜகேசரி, அவன் மகன் இராஜேந்திரன் பரகேசரி. கேசரி என்றால் சிங்கம். ராஜகேசரி அரசருள் சிங்கம், பரகேசரி பகைவருக்குச் சிங்கம். அரசனின் இயற்பெயர் சிதைந்துபோன கல்லிலும், இப்பட்டம் எஞ்சியிருந்தால் பாதிப் பேரை விலக்கிவிடலாம்.

பின்னர் ஆட்சியாண்டு, நாள், கொடையாளர், கொடை, நிபந்தனை, காப்பு என்ற வரிசை தொடரும். இருமொழிச் செப்பேடுகளில் இந்த வேலைப் பங்கீடு இன்னும் தெளிவாகத் தெரியும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடை நிலமாக, வழங்கியதைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றுள் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தவை. வடமொழிப் பகுதி குலவரலாற்றையும் புகழையும் பாட, எல்லையும் வரியும் ஊர்ப்பெயரும் தமிழில் நிற்கின்றன. வடமொழிப் பகுதியில் வரும் ஓர் அடைமொழியைச் சட்டச் சொல்லாகக் கொள்வதும், தமிழ்ப் பகுதியில் வரும் ஒரு வடசொல்லை வெறும் அலங்காரமாகக் கொள்வதும் பொருளைக் குலைத்துவிடும். தமிழ்ப் பகுதிக்குள் வடசொல் வந்தால் அது பெரும்பாலும் உரிமையையோ வரியையோ பதவியையோ காலத்தையோ குறிக்கும் துறைச்சொல்லாகும்.

எழுத்தை மீட்டல்

தமிழ்க் கல்வெட்டுகளில் வடசொற்கள் இரு கோலத்தில் வருகின்றன. சில, கிரந்த எழுத்தில் வடமொழி ஒலி மாறாமல் பொறிக்கப்பட்டிருக்கும். நாம் இன்றும் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்பன அக்கிரந்தத்தின் எச்சங்களே. சில, தமிழ் எழுத்துக்குள் அடங்கி உருமாறியிருக்கும். முதல் வகையை இனங்காண்பது எளிது. இரண்டாம் வகையே கவனம் வேண்டுவது: தர்மம் 'தன்மம்' ஆகும்; வர்மன் 'வன்மன்' அல்லது 'பன்மன்' ஆவான்; தக்ஷிணம் 'தக்கணம்' ஆகும்; பக்ஷம் 'பக்கம்' என்று எழுதப்பட்டு, பக்கத்து நிலத்தைக் குறிப்பதுபோல் நம்மை மயக்கும்; சதுர்வேதிமங்கலம் 'சதுர்ப்பேதிமங்கலம்' என்று வகரம் பகரமாகி நிற்கும்.

பழங்கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவத்தால் வேறுபடுவதில்லை. எனவே கண்ணில் பட்டதை அப்படியே ஒரு வரியிலும், புள்ளியும் நெடிலும் இட்டு மீட்ட வடிவத்தை அதன் கீழும், வடமொழி மூல வடிவத்தை மூன்றாம் வரியிலும் எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்வது நல்லது. இம்மூன்றையும் கலந்து ஒரே வரியில் எழுதினால், பிறகு எது கல்லில் இருந்தது, எது நம் ஊகம் என்பது நமக்கே தெரியாமற் போகும்.

இப்படி மீட்டெடுத்துப் பார்க்கத் தகுந்த சொல் 'சந்திராதித்தவல்'. சந்திர, ஆதித்ய என்பவற்றோடு 'போல' என்று பொருள்படும் வத் என்னும் ஈறு சேர்ந்தது இது. இறுதித் தகர மெய் தமிழில் லகர மெய்யாக மாறியது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை, அதாவது என்றென்றைக்கும், என்பது பொருள். ஆசந்திரார்க்கம் என்று வந்தாலும் இதுவே. இச்சொல் கொடையின் கால எல்லையைச் சொல்வது. ஆகவே இது வரும் இடத்துக்கு முன்னோ பின்னோ கொடைப்பொருள் கட்டாயம் இருக்கும் என்று தேடலாம்.

தொடரைப் பிரித்தல்

வடமொழித் தொகைச்சொல்லைத் தவறான இடத்தில் வெட்டினால் அகராதி முழுவதையும் புரட்டினாலும் பயனில்லை. இதற்கான பயிற்சிக்கு நாம் கண்டியைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. கம்பளை அரசின் காலத்தில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344 ஆம் ஆண்டில் கடலாதெனிய விகாரையும் லங்காதிலக விகாரையும் எழுந்தன. லங்காதிலகத்தைக் கட்டுவித்த அமைச்சரின் பெயர் சேனாலங்காதிகாரர். இரு சொற்களையும் அருகருகே வையுங்கள். லங்காதிலகம் என்பது லங்கா, திலகம் என்று பிரியும். இலங்கைக்குத் திலகம் போன்றது. லங்காதிகாரம் என்பது லங்கா, அதிகாரம் என்று பிரியும். அங்கே ஆகாரமும் அகரமும் கலந்து ஒரே ஆகாரமாயின. காதுக்கு 'லங்காதி' என்று ஒன்றுபோல் ஒலித்தாலும் வெட்டும் இடம் வேறு. கடலாதெனியவின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரியின் பெயர் கண, ஈஸ்வர, ஆசாரி என்று பிரியும்: அகரமும் ஈகாரமும் சேர்ந்து ஏகாரமாயின, அகரமும் ஆகாரமும் சேர்ந்து ஆகாரமாயின. ஆசாரி என்பது ஆசார்ய என்பதன் வடிவம். வடமொழி அகராதி ஆசிரியர் என்றே முதலில் சொல்லும், ஆனால் கட்டடம் பற்றிய சாசனத்தில் அது தொழில் தலைவரின் பட்டம்.

இத்துடன் ஒரு விதியை நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இது தெரியாவிட்டால் பக்தரைத் தெய்வமாக வாசித்துவிட நேரும். வடமொழியில் சொல்லின் முதல் உயிர் நீண்டோ வலுத்தோ வந்தால் 'அதைச் சார்ந்த' என்ற பொருள் பிறக்கும். சிவ என்பதிலிருந்து சைவ, விஷ்ணு என்பதிலிருந்து வைஷ்ணவ. இதே வழியில் மஹேஸ்வரன் என்றால் சிவபெருமான். மாஹேஸ்வரர் என்றால் அவனடியார். ஆகவே சைவக் கோயிற் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்பதற்கு, இக்கொடை சிவனடியார் எல்லோருடைய பொறுப்பிலும் விடப்பட்டது என்பதே பொருள். பல் என்னும் தமிழ்ச்சொல் முன்னே நிற்பதையும், ரக்ஷை என்பது இங்கே கையிற் கட்டும் காப்புக் கயிறாக அன்றிப் பாதுகாப்புக் கடமையாக நிற்பதையும் கவனியுங்கள். வைணவக் கோயிலில் இவ்விடத்தில் 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' வரும். சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் சாசனத்தில் 'ஸைம்ஹளக' என்று வருவதும் இவ்விதியின்படி ஸிம்ஹளத்தார், அதாவது இலங்கையர்; நான்காம் நூற்றாண்டு வட இந்தியச் சாசனம் ஒன்றில் நம் தீவு இப்படி இடம்பெற்றிருக்கிறது.

இன்றைய பொருள் மறைக்கும் சொற்கள்

முற்றிலும் தெரியாத சொல் நம்மைத் தடுத்து நிறுத்தும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல் தடுக்காமலே தவறான வழியில் கொண்டுபோய்விடும். கல்வெட்டு வாசிப்பில் என் அனுபவத்துக்கு எட்டியவரை மிகுந்த பிழைகள் இங்கேதான் நிகழ்கின்றன. ஆகவே இதில் சற்று நின்று செல்வோம்.

விஷயம் என்றால் இன்று செய்தி அல்லது பொருள். சாசனத்தில் அது ஒரு நிலப்பிரிவு, ஏறத்தாழ ஒரு மாவட்டம். வங்கப் பகுதியின் தாமோதர்பூரில் கிடைத்த குப்தர் காலச் செப்பேடுகளில் புண்ட்ரவர்தன புக்தி என்னும் பெரும்பிரிவுக்குள் கோடிவர்ஷ விஷயம் வருகிறது. அதன் அதிகாரி விஷயபதி. புக்தி என்பதற்கு வடமொழி அகராதி நுகர்ச்சி, உண்ணுதல் என்று பொருள் சொல்லும். ஊர்ப்பெயரோடு ஒட்டி வந்தால் அது மாகாணம். நகரம் என்ற சொல்லும் இவ்வாறே: சோழர் கல்வெட்டில் ஊர், சபை, நாடு என்பவற்றோடு நகரம் எண்ணப்படும்போது அது வணிகர் அவையைக் குறிக்கிறது. பிராமணர் ஊரின் அவை சபை அல்லது மஹாசபை. அத்தகைய சபை எடுக்கும் தீர்மானம் வியவஸ்தை எனப்படும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919 இலும் 921 இலும், குடவோலை முறையை வகுத்த தீர்மானங்களில் இச்சொல்லும் சம்வத்ஸர வாரியம் என்ற தொடரும் வருகின்றன. சம்வத்ஸரம் என்றால் ஆண்டு. ஆகவே அது ஆண்டு வாரியம்.

பரிஹாரம் இன்று தோஷத்துக்குச் செய்யும் நிவர்த்தி. கொடைச் சாசனத்தில் அது வரி விலக்கு. 'ஸர்வபரிஹாரம்' என்றால் எல்லா வரியும் நீங்கியது. இச்சொல்லின் சிங்கள வடிவமும் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுத் தூண் சாசனங்களில் இதே பொருளில் வழங்குவதால், இலங்கை வாசகர் இதை மனத்தில் நிறுத்துவது இரட்டைப் பயன் தரும். மானியம் என்றால் நமக்குப் பசளை மானியம் நினைவுக்கு வரும். விஜயநகர காலச் சாசனங்களில் ஸர்வமானியம் என்பது முற்றாக இறை நீங்கிய நிலம். அரசு பணம் கொடுப்பதை இன்றைய சொல் குறிக்க, அரசு வரி வாங்காமல் விடுவதைப் பழைய சொல் குறித்தது.

பலி என்ற சொல்லைக் கண்டவுடன் ஆடும் கோழியும் மனத்தில் வருகின்றன. அசோகனின் லும்பினித் தூணில், புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக லும்பினி கிராமம் 'உபலிகே' ஆக்கப்பட்டது என்று பிராகிருதத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. வடமொழியில் உத்பலிக, அதாவது பலி நீங்கியது. அங்கே பலி என்பது வரி. அதை அடுத்து விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு என்ற சொல் வருவதால் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டில் 'ஸ்ரீபலி' என்று வந்தால் அது நாள்தோறும் நிகழும் படையல் வழிபாடு. சொல் ஒன்று, ஆவணத்தில் நிற்கும் இடம் வேறு. அசோகன் சாசனங்களைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. ஜேம்ஸ் பிரின்செப் 1837 இல் பிராமி எழுத்தை வாசித்தபோது அவற்றில் 'தேவானாம்பிய பியதஸி' என்ற பட்டப்பெயரால் வரும் அரசன் யார் என்பது புதிராக நின்றது. இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேனர் அதே ஆண்டில், இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான தீபவம்சத்தின் துணைகொண்டு அவர் அசோகனே என்று காட்டினார். பட்டப்பெயரின் பொருளைத் தேடுவதோடு நில்லாமல், அது வேறெந்த ஆவணத்தில் யாருக்கு வழங்கியது என்று தேடியதால் கிடைத்த விடை அது.

சந்திவிக்ரஹிகர் என்ற பதவிப் பெயரைத் தமிழ் வாசகர் பார்த்தால், சந்தியும் விக்கிரகமும் கண்முன் வந்து ஏதோ கோயிற் பணி என்று எண்ணக்கூடும். சந்தி என்பது உடன்படிக்கை, விக்ரஹம் என்பது போர். இரண்டையும் நடத்தும் அமைச்சர் இவர். அலகாபாத் தூணின் புகழுரையை இயற்றிய ஹரிஷேணர் தம்மை ஸாந்திவிக்ரஹிக, குமாராமாத்ய, மஹாதண்டநாயக என்று குறிக்கிறார். தண்டம் என்றால் கோல், தண்டனை என்பதோடு படை என்றும் பொருள். இராஜராஜன் மெய்க்கீர்த்தியில் 'தண்டாற் கொண்ட' என்பதும் படையால் கொண்டதே. அதே சந்தி கோயிற் கொடையில் 'சந்தி விளக்கு' என்று வந்தால், பொழுது கூடும் வேளையில் ஏற்றும் விளக்கு.

செப்பேடுகளில் விண்ணப்பம், ஆணத்தி என்ற இரு சொற்கள் பெயர்களோடு சேர்ந்து வரும். விண்ணப்பம் என்பது விஞ்ஞாபனம் என்பதன் தமிழ் வடிவம். தேர்தல் விஞ்ஞாபனத்தோடு இதற்குத் தொடர்பில்லை, கொடை வேண்டி அரசனிடம் கேட்டுக்கொண்டவரை இது காட்டும். ஆணத்தி என்பது ஆக்ஞப்தி; ஆணை இட்டவர் என்று தோன்றினாலும், இடப்பட்ட ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு ஏற்ற அதிகாரி அவர். இவ்விருவரில் ஒருவரை அரசனாகக் கொண்டால் சாசனம் தலைகீழாகிவிடும்.

சிவனொளிபாதமலையைத் தினமும் பார்க்கும் நமக்கு 'ஸ்ரீபாதம்' என்றதும் அம்மலையே தோன்றும். கொடைக் கல்வெட்டுகளின் இறுதியில் 'இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன' என்று வருவது, பிற்காலத்தில் இந்த அறத்தைக் காப்பவர் எவராயினும் அவர் திருவடியை என் தலைமேல் தாங்குவேன் என்று கொடையாளர் சொல்வதாகும். இன்னும் பிறவாத ஒருவரை நோக்கி அரசனே தலைவணங்கும் இத்தொடரை வாய்பாடு என்று கடந்து செல்வதை நான் விரும்புவதில்லை.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லிவிட வேண்டும். குஜராத்தின் ஜுனாகட் பாறையில், அசோகன் சாசனங்கள் உள்ள அதே பாறையில், மஹாக்ஷத்ரபன் என்ற பட்டம் பூண்ட அரசன் ருத்ரதாமனின் சாசனம் இருக்கிறது. நல்ல வடமொழியில் எழுதப்பட்ட முதல் நீண்ட சாசனம் என்று அது மதிக்கப்படுகிறது. சுதர்சனம் என்ற ஏரியின் அணை பெருமழையில் உடைந்தது. உடைப்பு 420 ஹஸ்தம் நீளம், அதே அளவு அகலம், 75 ஹஸ்தம் ஆழம். ஹஸ்தம் என்பதற்குக் கை என்று பொருளெழுதிவிடாதீர்கள். எண்ணோடு வந்தால் அது முழம். அமைச்சர்களே முயற்சியைக் கைவிடச் சொன்ன பணியை, நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் 'கர, விஷ்டி, ப்ரணய' என்பவற்றால் வருத்தாமல், தன் கருவூலத்திலிருந்தே செலவிட்டு முடித்ததாக அரசன் சொல்கிறான். கரம் என்றால் வரி. ப்ரணயம் காவியத்தில் காதல், அன்பு. இங்கே அன்பளிப்பு என்ற பெயரில் குடிகளிடம் வாங்கும் கட்டாயப் பணம். விஷ்டி என்பது கூலியின்றி வாங்கும் உழைப்பு. சோழர் கல்வெட்டுகளின் வரிப்பட்டியலில் வரும் 'வெட்டி' இதன் தமிழ் வடிவமே. கூலியில்லா உழைப்பையே குறிக்கும் 'அமஞ்சி'யும் அதனோடு சேர்ந்து வரும். ஏதேனும் ஒரு நிலத்துக்கு வெட்டி நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தால், ஏனைய நிலங்களில் அது நடைமுறையில் இருந்தது என்பதையும் அக்கல் சொல்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இச்சொல்லை அகராதிச் சொல்லாக மட்டும் வாசிக்க இயலாது, வாசிக்கவும் வேண்டியதில்லை.

காலத்தைக் கணித்தல்

'யாண்டு இருபத்தாறாவது' என்றிருந்தால், அரசன் பட்டமேற்ற ஆண்டோடு அவ்வெண்ணைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். இராஜராஜன் 985 இல் அரசேற்றான். அவனது 26 ஆம் ஆண்டு 1010 இல் தொடங்கும். சக ஆண்டாயின் 78 கூட்ட வேண்டும். சித்திரைக்கு முந்திய மாதங்களாயின் 79. ஜுனாகட் சாசனத்தின் 72 ஆம் ஆண்டு சகமெனக் கொள்ளப்பட்டுக் கி.பி. 150 ஆகிறது, லங்காதிலகம் எழுந்த 1344, சகக் கணக்கில் 1266. குப்தர் ஆண்டாயின் 319 அல்லது 320 கூட்டப்படும். விக்கிரம ஆண்டாயின் 57 அல்லது 56 கழிக்கப்படும்.

'மேஷ நாயற்றுப் பூர்வபக்ஷத்து' என்பதில் மேஷ நாயறு சித்திரை மாதம். பூர்வபக்ஷம் வளர்பிறை, அபரபக்ஷம் தேய்பிறை. தருக்க நூலில் பூர்வபக்ஷம் என்றால் எதிர்வாதியின் கூற்று. நாள்குறிப்பில் அப்பொருளுக்கு இடமில்லை. செய்யுளாக அமைந்த வடமொழிச் சாசனங்களில் எண்ணுக்குப் பதிலாகப் பொருட்பெயர் வரும்: சந்திரன் ஒன்று, கண் இரண்டு, தீ மூன்று, வேதம் நான்கு, அம்பு ஐந்து, சுவை ஆறு, மலை ஏழு, வசு எட்டு, வானம் சுழியம். இவற்றைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்க வேண்டும். பயிற்சிக்காக 'நேத்ர பாண வசு' என்று ஒரு தொடரை நாமே அமைத்துக்கொண்டால், கண் 2, அம்பு 5, வசு 8, திருப்பி வாசிக்க 852, சகமாயின் கி.பி. 930. ஒரு செய்யுளில் காரணமின்றிக் கண்ணும் அம்பும் மலையும் அடுக்கி வந்தால், வருணனை என்று கடக்காமல் எண்ணாக இருக்குமா என்று பாருங்கள்.

ஒப்பிட்ட பின்னரே அகராதி

இதுவரை சொன்னவற்றை ஒரு விளக்குக் கொடையின் வழக்கமான வாய்பாட்டில் வைத்துப் பார்க்கலாம்: 'ஸ்வஸ்தி ஸ்ரீ கோராஜகேசரிவன்மர்க்கு யாண்டு பத்தாவது, இத்தேவர்க்குச் சந்திராதித்தவல் ஒரு நொந்தா விளக்கெரிக்க வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு, இது பன்மாஹேஸ்வர ரக்ஷை.' தொடக்க மங்கலம், பட்டம், ஆண்டு, பெறுவோர், காலம், கொடை, காப்பு என்று ஏழு உறுப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. நொந்தா விளக்கு அணையா விளக்கு. சாவா மூவாப் பேராடு என்ற தமிழ்த்தொடர், இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப எண்ணிக்கை குறையாத மந்தையைச் சொல்கிறது. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பொது வழக்கம். இவ்வாய்பாட்டை மனனம் செய்தவர், பாதி அழிந்த கல்லில் 'சந்தி...வல்' என்ற எழுத்துகளை மட்டும் கண்டாலும் அடுத்து எதைத் தேட வேண்டும் என்று அறிவார்.

ஒரு சொல்லுக்குப் பொருள் ஐயமாயின், அதே சொல் அதே நூற்றாண்டில், அதே வட்டாரத்தில், ஆவணத்தின் அதே உறுப்பில் வரும் வேறு இரண்டு மூன்று இடங்களைத் தேடி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொருளையே கொள்ளுங்கள். அதன் பிறகு அகராதிக்குச் செல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கல்வெட்டு வழக்கைத் தனியே குறித்துக் காட்டுகிறது, டி. சி. சர்க்கார் 1966 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்தியக் கல்வெட்டுச் சொற்களஞ்சியம் வடசொற்களுக்குச் சிறந்த துணை. பொதுவான வடமொழி அகராதியைக் கடைசியாகவே எடுக்க வேண்டும், ஏனெனில் அது காவியப் பொருளை முன்னே வைக்கும்.

முடிவில் வரும் சாபச் செய்யுட்களையும் விட்டுவிடாதீர்கள். 'ஸ்வதத்தாம் பரதத்தாம் வா' என்று தொடங்கும் சுலோகம் இந்தியா முழுவதும் செப்பேடுகளில் வருகிறது: தான் கொடுத்ததாயினும் பிறர் கொடுத்ததாயினும் நிலத்தைப் பறிப்பவன் அறுபதாயிரம் ஆண்டுகள் மலத்தில் புழுவாகப் பிறப்பான் என்பது அதன் பொருள். முதற் சொல்லைக் கண்டவுடன் முழுச் சுலோகத்தையும் அறிந்துகொள்ளலாம் என்பதால், சிதைந்த ஏட்டில் ஆவணத்தின் முடிவை இது உறுதிப்படுத்தும்.

நேரிற் பயில விரும்புவோர் கண்டியிலிருந்து பிலிமத்தலாவை வழியாக லங்காதிலகத்துக்குச் செல்லலாம். அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தெரியாது. விகாரையாரிடம் அனுமதி பெறுங்கள். எழுத்தில் சுண்ணமோ மாவோ எண்ணெயோ தடவ வேண்டாம்; அது கல்லை அரிக்கும், சட்டத்துக்கும் மாறானது. முதல் முறையில் முழுவதையும் வாசிக்க முயலாமல், கிரந்த எழுத்து வரும் இடங்களை மட்டும் வரி எண்ணோடு படியெடுத்து, ஒவ்வொன்றும் ஆவணத்தின் எந்த உறுப்பில் நிற்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பதிப்பிக்கப்பட்ட வாசிப்போடு ஒப்பிடும்போது, உங்கள் படியில் விட்டுப்போன எழுத்தைப் பின்னர் சேர்த்தால் அதைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள்.